மூணு நூல் போல்ட் எங்கே கிடைக்கும்? எஞ்சின் மவுண்டிங் கேள்வி பதில்

குன்னூரில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் பிடித்தவன் நான். இப்போது கண் மங்கல்தான், ஆனாலும் விரல் நகத்தை ஓட்டியே மரை, அதாவது போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகுவரி, எண்ணிவிடுவேன். பழைய வண்டிகளில் எஞ்சினைச் சேஸோடு பிடிக்கும் போல்ட் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்து குவிந்தவை இவை. கார்புரேட்டர், மைலேஜ், சீட் கவர் எல்லாம் வேறொரு நாள்.

அரவங்காடு: அண்ணா, 1964 புல்லட் 350. முன்பக்க எஞ்சின் பிளேட் போல்ட் இரண்டும் துரு ஏறி வளைந்திருந்தன, மெக்கானிக் கழற்றி எறிந்துவிட்டார். குன்னூர், ஊட்டி, கோவை என்று ஹார்டுவேர் கடை கடையாக ஏறி இறங்கியாச்சு. 10 மில்லி போல்ட் தருகிறார்கள், ஓட்டையில் நுழையவில்லை. என்ன சைஸ் கேட்க வேண்டும்?

கழற்றிய பழைய போல்ட்டை எறியக் கூடாது. வளைந்திருந்தாலும் பாதியில் ஒடிந்திருந்தாலும் அதுதான் உங்கள் அளவு. இதை இன்றைக்கு இன்னும் பத்து முறை சொல்லப் போகிறேன், சலிப்பவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம்.

10 மில்லி நுழையாதது உங்கள் அதிர்ஷ்டம். நுழைந்திருந்தால் போட்டு முறுக்கியிருப்பார்கள். அந்த ஓட்டை மூணு நூல், அதாவது 3/8 இஞ்சு, 9.52 மில்லி. புல்லட்டுக்கு டிராயிங் போட்டது இங்கிலாந்தில் ரெடிச் ஊரில். 1955ல் மெட்ராஸில் வேலை தொடங்கியபோது முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைத்தான் பூட்டினார்கள். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956ல். சட்டம் வந்ததும் டிராயிங் மாறிவிடுமா என்ன? அதனால் பழைய புல்லட்டில் இஞ்சு மரைதான், அதிலும் ஒரே வண்டியில் இரண்டு மூன்று வகை கலந்து கிடக்கும். அப்புறம் வந்த வருடங்களில் இன்னும் கொஞ்சம் கலந்தது.

விஷயம் என்னவென்றால், மரையில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மூணு நூல் தடிமனிலேயே விட்வொர்த் என்றால் இஞ்சுக்கு 16 மரை, பிஎஸ்எஃப் என்றால் 20, யூஎன்எஃப் என்றால் 24, சைக்கிள் மரை என்றால் 26. கடையில் "மூணு நூல் போல்ட்" என்று மட்டும் கேட்டால் 16 மரையை எடுத்து நீட்டுவார்கள். அது கிரில் கேட்டுக்குப் போடுவது.

உங்களுடையது பிஎஸ்எஃப் 20 என்பது என் ஊகம். ஊகம்தான். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் அந்த மெக்கானிக்கின் பழைய இரும்பு மூட்டையைக் கிளறுங்கள், ஒரு நட்டாவது சிக்கும்.

ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்: மரை எண்ணுவது எப்படி சார்? என்னிடம் கேஜ் எதுவும் இல்லை.

கேஜ் இருந்தால் நல்லது, விலையும் அதிகமில்லை. இல்லையென்றால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும், இஞ்சு பக்கம். போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மரைப்பள்ளத்துக்குள் இருக்கும் கரியை எடுத்துவிடுங்கள். அழுக்கு இருந்தால் எண்ணிக்கை தப்பும். ஸ்கேலை மரை மேல் சாய்த்து வைத்து அரை இஞ்சுக்குள் எத்தனை முகடு என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அதைவிட நம்பிக்கையான வழி, மரை தெரிந்த ஒரு போல்ட்டை உங்கள் போல்ட்டோடு முகத்துக்கு முகம் ஒட்டி வெளிச்சத்தில் பிடிப்பது. பல்லோடு பல் கோத்துக்கொண்டு இடையில் வெளிச்சம் கசியாவிட்டால் அதுவேதான்.

ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு நூல் போல்ட்டில், அதாவது கால் இஞ்சில், பிஎஸ்எஃப்புக்கும் 26 மரை, சைக்கிள் மரைக்கும் 26. எண்ணிக்கை ஒன்று, கோணம் வேறு. இங்கிலாந்து இன்ஜினியர் விட்வொர்த் 1841ல் சொன்ன 55 டிகிரியைத்தான் பிஎஸ்எஃப் பின்பற்றுகிறது, சைக்கிள் மரை 60 டிகிரி. ஒன்றின் நட்டு மற்றதில் சமர்த்தாக ஏறும், இறுக்கமும் ஆன மாதிரி இருக்கும், ஆனால் மரையின் சரிவு முழுதாக உட்கார்ந்திருக்காது.

கையால் விடும்போது நட்டு இரண்டு சுற்று ஏறிவிட்டு நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பேனர் எடுத்தால் நட்டும் போச்சு, போல்ட்டும் போச்சு.

கூடலூர்: ஜாவா 250. இதே பிரச்சினை எனக்கும் வருமா?

வராது. ஜாவா செக் நாட்டு வண்டி, மைசூரில் செய்தாலும் மெட்ரிக்தான். மில்லி அளவில், தலையில் 8.8 என்று வலு எண் போட்ட போல்ட் வாங்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

கோத்தகிரி: நம் ஊர் மழைக்கும் பனிக்கும் எந்த போல்ட் போட்டாலும் ஆறு மாதத்தில் செந்துரு. எல்லாவற்றையும் ஸ்டெயின்லஸ் ஸ்டீலாக மாற்றிவிட்டால் என்ன?

மட்கார்டு, நம்பர் பிளேட், டூல்பாக்ஸ் மூடிக்கு மாற்றுங்கள், பார்க்கவும் அழகாக இருக்கும். எஞ்சின் மவுண்டிங்கில் வேண்டாம்.

குன்னூர், சிம்ஸ் பார்க் பக்கம்: தாத்தாவின் பிஎஸ்ஏ எம்20. வெலிங்டனில் ராணுவ ஏலத்தில் எடுத்தது என்பார். போல்ட் தலைக்கு 13 ஸ்பேனர் நுழையவில்லை, 14 போட்டால் சுழல்கிறது. தலை பாதி உருண்டை ஆகிவிட்டது.

ஐயோ, அந்த வண்டியா. உலகப் போரில் ஓடிய 496 சிசி சைடு வால்வ், அதை 14 ஸ்பேனரால் உருட்டலாமா? அந்தத் தலை 0.525 இஞ்சு, மில்லியில் 13.3. மில்லி ஸ்பேனரில் அப்படி ஒரு அளவே கிடையாது. விட்வொர்த் ஸ்பேனர் தேடுங்கள். அதன் மேல் எழுதியிருப்பது வாய் அகலம் இல்லை, போல்ட்டின் தடிமன். 1/4W, 5/16BS என்று ஒரே வாயில் இரண்டு பெயர் எழுதியிருக்கும், குழம்ப வேண்டாம், பிஎஸ்எஃப் தலை ஒரு சைஸ் சின்னது என்பதால் அப்படி. உக்கடம் பழைய சாமான் கடைகளில் கிலோ கணக்கில் கிடக்கிற ஸ்பேனர்களைப் புரட்டினால் இது அடியில் கிடக்கும், யாருக்கும் சேராத அளவு என்று விலையும் குறைத்தே சொல்வார்கள்.

உருண்ட போல்ட்டுக்கு: ஊடுருவும் எண்ணெயைக் காலையும் மாலையும் மூன்று நாள் விடுங்கள், எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து எடையைத் தாங்குங்கள், எதிர்ப்பக்க நட்டை முதலில் எடுங்கள், பித்தளைக் கம்பி வைத்துத் தட்டுங்கள். கேஸ் நெருப்பை அலுமினியக் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெளியே வந்த போல்ட்டை எறியாதீர்கள்!

மஞ்சூர்: 10 மில்லி போல்ட் நுழையவில்லை என்றால் ஓட்டையை 10க்கு டிரில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

முடிந்துவிடும், வண்டியும் சேர்த்து. கிராங்க்கேஸ் காதில், அதாவது போல்ட் நுழையும் நீட்டலில், இருக்கிற அலுமினியம் கொஞ்சம். இன்றைக்கு 10 என்பீர்கள், அடுத்த தடவை ஆடி ஓவலானதும் 11 என்பீர்கள், அதற்கு அடுத்தது காது ஒடியும். ஒரு போல்ட் செய்யச் சோம்பி ஒரு கிராங்க்கேஸைப் பலி கொடுப்பதா?

கோத்தகிரி (மறுபடி): "வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். என் புல்லட்டில் ஐந்து வருடமாக ஸ்டெயின்லஸ்தான், ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் எடையே 170 கிலோவுக்குள். ஒரு 8 மில்லி ஸ்டெயின்லஸ் போல்ட் ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும் என்று இன்ஜினியரிங் படிக்கும் என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான்.

மகன் போட்ட கணக்கு சரி. கேள்விதான் தப்பு.

போல்ட் எஞ்சினைத் தொங்கவிட்டுத் தாங்குகிறது என்று நினைக்கிறீர்கள், இல்லை. போல்ட் செய்வது ஒரே வேலை: பிளேட்டையும் கிராங்க்கேஸையும் நெரித்துப் பிடிப்பது. அந்த நெரிப்பில் வரும் உராய்வுதான் எஞ்சினை அசையாமல் வைத்திருக்கிறது. புல்லட்டில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் முன் குழாய் எஞ்சினுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, அடியில் தொட்டில் கிடையாது, எஞ்சினே சேஸின் ஒரு துண்டு. நெரிப்பு குறைந்தால் ஒவ்வொரு வெடிப்புக்கும் பிளேட் ஒரு முடி அளவு நகரும், போல்ட் ஓட்டைக்குள் சுத்தியல் மாதிரி அடிக்கும்.

கணக்கு வேண்டுமா, இந்தாருங்கள். 8.8 என்றால் அறும் இடம் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் இடம் 640. நல்ல ஸ்டெயின்லஸ், தலையில் ஏ2-70 என்று அடித்தது, 700ல் அறும், ஆனால் 450லேயே நீள ஆரம்பிக்கும். எட்டு மில்லி போல்ட்டுக்கு இது சுமார் 2,390 கிலோ எதிர் 1,680 கிலோ. நீண்டுவிட்ட போல்ட் அறாது, தொங்கிக்கொண்டு இருக்கும், வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே நெரிப்பு இல்லை. தலையில் எழுத்தே இல்லாத ஸ்டெயின்லஸ் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றால், எந்த ரோட்டில்?

மேட்டுப்பாளையம்: நான் கோத்தகிரிக்காரர் கட்சி. அந்தக் காலத்து போல்ட் மட்டும் 8.8ஆ? பழைய பிரிட்டிஷ் போல்ட் பலவும் 700க்கு மேல் போகாது. ஏ2-70 அதற்குச் சமம்தானே?

இது கேள்வி. இதற்கு நான் உட்கார்ந்து யோசித்தேன்.

ஒத்துக்கொள்கிறேன், பழைய போல்ட் தலையில் R என்று அடித்திருந்தால் சதுர இஞ்சுக்கு 45 டன், அது 700 நியூட்டனுக்குக் கொஞ்சம் கீழே. அறும் இடம் சமம்தான். ஆனால் நம் கணக்கு அறும் இடத்தில் இல்லை, நீளும் இடத்தில். அதோடு இன்னும் இரண்டு. ஸ்டெயின்லஸ் நட்டை ஸ்டெயின்லஸ் போல்ட்டில் உலர்வாக முறுக்கினால் மரை ஒன்றோடொன்று கவ்வி ஒட்டிக்கொள்ளும், நம் பட்டறையில் இதைச் "சுட்டுப்போச்சு" என்போம். ஸ்பேனரில் பாரம் ஏறுகிறது, இறுகிவிட்டது என்று நினைக்கிறீர்கள், பாரம் முழுக்க உராய்வில் போய்விட்டது. அடுத்தது, அலுமினியமும் ஸ்டெயின்லஸும் ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். போல்ட் துருப்பிடிக்காது, உண்மை. அதன் பங்குக்குக் கிராங்க்கேஸ் வெள்ளைப் பொடியாகும்.

கோத்தகிரி (மூன்றாம் முறை): ரோடு கேட்டீர்களே: கோத்தகிரி, குன்னூர், ஞாயிறு சர்ச்சுக்கு. வருடம் 2,000 கிலோமீட்டர் இருக்கும்.

அதுதான்! கல்லட்டியின் 36 கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் எஞ்சின் பிடிப்பில் இறக்கிப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், சொல்லி நீங்கள் போய்விட்டால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் வண்டி, உங்கள் போல்ட். சர்ச்சுக்குப் போகும்போது வாஷரைச் சுற்றிச் செம்பொடி வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஊட்டி, லவ்டேல்: செம்பொடி என்றால்? என் வண்டியில் ஃபுட்ரெஸ்டில் கால் மரத்துப்போகிற அளவு அதிர்வு.

காவிப் பொடி மாதிரி, விரலில் ஒட்டும், நட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவிலிருந்து கசிந்து வந்திருக்கும். மழைத்துரு அப்படி இருக்காது, அது கெட்டியாக ஓடு கட்டும். பொடி என்றால் இரண்டு இரும்பு ஒன்றோடொன்று உரசுகிறது, இறுக்கம் போய்விட்டது. போல்ட்டை எடுத்துப் பாருங்கள், தண்டில் இரண்டு இடத்தில் இடுப்பு விழுந்திருக்கும். ஓட்டையும் முட்டை வடிவம் ஆகியிருந்தால் புது போல்ட் மட்டும் போட்டுப் பயன் இல்லை, பிளேட்டில் வெல்டு வைத்து அடைத்துத் திரும்பச் சரியாக ஓட்டை போட வேண்டும், கிராங்க்கேஸ் பக்கம் என்றால் புஷ் (உள்குழாய்) இறக்க வேண்டும்.

பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையிறுக்கத்தில் விடுங்கள், எஞ்சின் தன் இடத்தில் உட்காரட்டும், அப்புறம்தான் ஒவ்வொன்றாக இறுக்கம். ஹெட்டைச் சேஸோடு பிடிக்கும் ஸ்டே இருந்தால் அது கடைசி, இழுத்து வளைத்துப் பூட்டக் கூடாது. 8.8 போல்ட்டில் 8 மில்லிக்கு 25 நியூட்டன் மீட்டர், 10க்கு 50 அருகே, இது பொதுக்கணக்கு. ஒரு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறிவிட்டு வந்து, எஞ்சின் ஆறினதும் திரும்ப ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

எல்லநள்ளி: சார், புல்லட் எஞ்சின் போல்ட் எங்கே கிடைக்கும்?

மேலே படியுங்கள்.

கேத்தி: எஞ்சின் போல்ட் கடை விலாசம் தரவும்.

எந்த வண்டி, எந்த வருடம், எந்த போல்ட், எத்தனை மரை? ஜோசியம் பார்ப்பவருக்குக்கூடப் பிறந்த நேரம் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொன்னால், சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம், எங்கே போனாலும் கையில் பழைய போல்ட்டோடு போங்கள்.

குந்தா: ஹார்டுவேர் கடையில் முழு நீளமும் மரை வெட்டிய கம்பி விற்கிறார்களே, அதை அறுத்து இரண்டு பக்கமும் நட்டு போட்டால்?

கூடவே கூடாது. பெரும்பாலும் மென்மையான இரும்பு அது. அதோடு ஓட்டைக்குள் மொட்டைத் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் மரை இருந்தால், அந்த மரை அரம் மாதிரி அலுமினியத்தைத் தின்னும். கெத்தை இறக்கத்தில் 43 வளைவு, தினமும் போகிறீர்கள்.

குன்னூர், ஆசிரியர்: ஐயா, மரையா, மறையா? "மறை கழண்டவன்" என்று எழுதுகிறார்களே.

இரண்டு விதமாகவும் அச்சில் பார்த்திருக்கிறேன். நான் மரை என்று எழுதுவேன், மரையாணி என்ற சொல் அப்படித்தான் வருகிறது. சங்கப் பாட்டில் மரை ஒரு மான். கழண்டவன் விஷயத்தில் தீர்ப்பு உங்களுடையது, என்னைச் சுற்றி ஆள் நிறைய இருக்கிறார்கள்.

ஜெகதளா: லேத்தில் செய்துகொண்டால் எந்த இரும்பில் செய்யச் சொல்ல வேண்டும்?

கடைசியில் ஒரு நல்ல கேள்வி. டர்னர் முதலில் கையில் கிடைக்கிற எம்எஸ் (சாதாரண மென்மையான இரும்பு) ராடை எடுப்பார், தடுத்துவிடுங்கள். குறைந்தது ஈஎன்8 என்ற கெட்டியான எஃகு, கோவையில் தாராளமாகக் கிடைக்கும். நான் செய்கிற வழி வேறு: நீளமான 10 மில்லி 8.8 போல்ட், மரை கொஞ்சமாகவும் மொட்டைத் தண்டு நிறையவும் இருப்பது, ஒன்று வாங்குங்கள். மரைப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, தண்டை லேத்தில் 9.5க்கு இறக்கி, வேண்டிய மரையை வெட்டினால் மூணு நூல் போல்ட் தயார். கம்பெனி கெட்டியாக்கிக் கொடுத்த இரும்பு, நமக்கு வெட்டு மட்டும்தான் வேலை. தலையடியில் கூர்மூலை விடாமல் சின்ன வளைவு விடச் சொல்லுங்கள், போல்ட் ஒடியக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. நெருப்பில் காட்டிச் சிவக்கவிட்டு விடாதீர்கள், அந்தக் கெட்டி போய்விடும்.

முலாம் போடுபவர்களுக்கு: 8.8க்கு ஜிங்க் போடலாம். 10.9, 12.9 என்று இன்னும் வலுவானவை என்றால் முலாமோடு ஹைட்ரஜன் உள்ளே போய் இரும்பு பீங்கான் மாதிரி ஆகிவிடும், போட்டவுடனே 200 டிகிரி அருகில் சில மணி நேரம் சூடு காட்ட வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு? 8.8 போட்டுவிட்டு வருடத்துக்கு ஒருமுறை தண்டில் கிரீஸ் தடவுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் தடவினால் போதும். கூடலூர், தேவாலாக்காரர்கள் ஜூனுக்கு முன்னால்.

குன்னூர், பெட்போர்டு: என் வண்டி 1969. பழைய வண்டி என்று தனியாகப் பதிவு செய்யலாமாமே?

50 வருடம் தாண்டியிருந்தால் 2021 விதிப்படி VA எழுத்தோடு தனி நம்பர் உண்டு, ஆனால் அப்படிப் பதிந்ததைத் தினசரி ஓட்ட முடியாது. மீதியை ஆர்டிஓ ஆபீஸில் கேளுங்கள், எனக்கு போல்ட் மட்டும்தான் தெரியும்.

வெலிங்டன்: புல்லட் எஞ்சின் போல்ட் எங்கே...

இல்லை.

அரவங்காடு (முதலில் கேட்டவர்): அண்ணா, மெக்கானிக் இன்னும் எடைக்குப் போடவில்லையாம். மூட்டையைத் தரையில் கொட்டித் தேடினேன், இரண்டு போல்ட்டும் ஒரு நட்டும் கிடைத்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, ஸ்கேல் வைத்து நான்கு முறை எண்ணினேன். அரை இஞ்சுக்கு 13.

அப்படியென்றால் 26, சைக்கிள் மரை. நான் சொன்ன பிஎஸ்எஃப் தப்பு. என் பேச்சைக் கேட்டு ஆர்டர் கொடுத்திருந்தால் இந்நேரம் 20 மரையில் இரண்டு போல்ட் வந்து சும்மா கிடந்திருக்கும். மூணு நூல் 26க்கு டை, மரை வெட்டும் கருவி, என்னிடம் ஒன்று இருக்கிறது, ஓரம் கொஞ்சம் மழுங்கல், ஆனால் வெட்டும். 8.8ல் 10 மில்லி போல்ட் இரண்டு வாங்கிக்கொண்டு ஞாயிறு காலை வாருங்கள், பழைய போல்ட்டில் தலையடியிலிருந்து முனை வரை நீளம் அளந்து வாங்குங்கள், புதியதன் மொட்டைத் தண்டு மட்டுமே அதைவிட அரை இஞ்சு கூடவே இருக்கட்டும். அந்த நட்டையும் எடுத்து வாருங்கள், அது நன்றாக இருந்தால் அதையே போட்டுவிடலாம்.